இரண்டாவது தடவை போலீஸ் வந்தால்

எங்கள் ஊர் போலீஸ் நிலையத்தில் இரவு நேரத் தொலைபேசியை எடுப்பது என் வேலை. ஊர் சின்னது. ஆனால் நடுவில் ஒரு கல்லூரி உட்கார்ந்திருக்கிறது. ஆகையால் வெள்ளி, சனி இரவுகளில் என் மேஜையில் மணி ஓயாது. அந்த அழைப்புகளில் ஒன்றை மட்டும் எடுப்பதற்கு முன்பே யாரென்று தெரிந்துவிடும். எடுத்ததும் முதலில் ஒரு பெருமூச்சு வரும். பிறகு, "டார்லா, நான்தான்" என்பார். அவர் முகவரி சொல்ல மாட்டார், நானும் கேட்க மாட்டேன். வால்நட் தெருவுக்கு ஒரு காரை அனுப்பிவிட்டு, ஆறிப்போன காப்பியை எடுத்து ஒரு வாய் குடிப்பேன்.

அவர் பெயர் மெர்வின் டூடெக். ஓயாமல் புகார் சொல்கிற ஆள் என்றால் ஜனங்கள் உடனே மனதில் ஒரு சிடுமூஞ்சியை வரைந்துகொள்கிறார்கள். எனக்கு அதில் கோபம் வரும். விடிய விடிய ஆடுகிறவன் நல்லவன், தூங்க விடுங்களய்யா என்று கேட்கிறவன் கிறுக்கன் என்றால் இது என்ன நியாயம்? மெர்வின் போனில் ஒரு நாளும் குரலை உயர்த்தியது இல்லை. பிள்ளைகளைத் திட்டியதும் இல்லை. "சத்தம் ஜாஸ்தியா இருக்குது, டார்லா. நான் நாலு மணிக்கு எந்திரிக்கணும்" என்பார், அவ்வளவுதான்.

நாலு மணிக்கு எதற்கு எழுந்திருக்க வேண்டும் என்று கேட்டால் அதுதான் வேடிக்கை. அவருக்குக் கல்லூரிச் சாப்பாட்டுக்கூடத்தில் காலைச் சமையல். பெரிய தட்டையான இரும்புக் கல்லின் முன்னால் நின்று வரிசையில் வருகிற ஒவ்வொருவருக்கும் ஆம்லெட் போட்டுக் கொடுப்பார். ராத்திரி முழுக்க அவரைத் தூங்கவிடாமல் கூத்தடித்த அதே பிள்ளைகள், தலைவலியோடு, கலைந்த தலையோடு, தட்டை நீட்டிக்கொண்டு அவர் முன்னால் நிற்பார்கள். யாருக்குக் காளான் ஆகாது, யாருக்கு மிளகாய் கூடுதல் என்பது அவருக்கு அத்துப்படி. அவர்கள் அவரை மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். தன்னைக் கடிக்கிற வாய்க்கே ஊட்டிவிடுகிற பிழைப்பு என்று நான் ஒருமுறை சொன்னேன். அதற்கு அவர், வாய் எல்லாம் நல்ல வாய்தான், கால்தான் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது என்றார்.

இரவு வேலை முடிந்து ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நானும் அங்கேதான் சாப்பிடுவேன். ஊர்க்காரர்களும் காசு கொடுத்துச் சாப்பிடலாம். நான் போய் மூலையில் உட்கார்ந்தால், ஓரம் முறுகிய ஆம்லெட் ஒன்று கேட்காமலே வரும். அவர் கண்ணும் சிவந்திருக்கும், என் கண்ணும் சிவந்திருக்கும். எங்கள் இரண்டு பேருடைய தூக்கத்தையும் தின்றவர்கள் பக்கத்து மேஜையில் உருளைக்கிழங்கு வறுவலைத் தின்றுகொண்டிருப்பார்கள்.

வால்நட் தெரு முன்பு கண்ணாடித் தொழிற்சாலைக்காரர்களின் தெரு. மெர்வினின் அப்பா அங்கே உலையில் நின்று சம்பாதித்த வீடுதான் அது. தொழிற்சாலை மூடியது, கல்லூரி பெருத்தது. வெளியூர் முதலாளிகள் வந்து வீடு வீடாக வாங்கினார்கள். கூடத்தைத் தடுத்து அறையாக்கி, அறைக்கு இரண்டு தலை என்று வாடகை வைத்தார்கள். கடைசியில் அந்தத் தெருவில் தபால் பெட்டியில் குடும்பப் பெயர் எழுதியிருக்கிற வீடு மெர்வினுடையது ஒன்றுதான். குடும்பம் என்றாலும் அவர் ஒருத்தர்தான். மனைவி லோரெய்ன் ஒரு மாதம் நிம்மதியாகத் தூங்கிவிட்டு வருகிறேன் என்று டேட்டன் நகரத்தில் இருக்கிற தங்கை வீட்டுக்குப் போனாள். அந்த மாதம் இன்னும் முடியவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. வாரா வாரம் போனில் பேசிக்கொள்கிறார்கள். வீட்டை விற்றுவிட்டு வா என்கிறாள் அவள். விற்றால் வாங்க வருகிறவன் அந்த வெளியூர் முதலாளிதான், அவன் அப்பாவின் கூடத்தையும் தடுப்பான் என்கிறார் இவர்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் நகர மன்றத்துக்கு ஞானம் பிறந்தது. எங்கள் ஊரில் இரவுக்கு இரண்டே போலீஸ்காரர்கள். அந்த இரண்டு பேரும் ஒரே வீட்டுக்கு ஒரே இரவில் மூன்று தடவை போய், சத்தத்தைக் குறையுங்கள், சத்தத்தைக் குறையுங்கள் என்று கெஞ்சிக்கொண்டு நின்ற நேரத்தில் ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு மருந்துக்கடையைத் திருடர்கள் உடைத்துத் துடைத்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு சட்டம் வந்தது. கொண்டாட்டச் சத்தம் என்று முதல் தடவை போலீஸ் வந்தால் எச்சரிக்கை. வாசல் கதவில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டுப் போவார்கள், அதைக் கிழிக்கக் கூடாது. இரண்டு மாதத்துக்குள் இரண்டாவது தடவை வந்தால், வந்த போலீஸ்காரர்களின் கூலி, காரின் செலவு, எல்லாவற்றையும் விருந்து வைத்தவர் தலையில் கட்டுவார்கள்.

அந்தச் சட்டம் வருவதற்கு மன்றத்தில் பேசச் சொல்லி மெர்வினையும் கூப்பிட்டார்கள். கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். ஒலிபெருக்கி முன்னால் நின்று, "நான் யாரையும் திட்ட வரலைங்க. நல்ல புள்ளைங்கதான். எனக்குத் தூக்கம் வேணும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அன்று பேசியவர்களில் நிஜம் சொன்னது அவர் ஒருத்தர்தான் என்று எனக்குப் பட்டது.

சட்டம் எழுதியவர்கள் ஒன்றை யோசிக்கவில்லை. விருந்து வைத்தவர் யார்? எழுபது பேர் ஆடுகிற வீட்டில் போலீஸ் கதவைத் தட்டினால் அந்த நிமிடமே அது யாருடைய வீடும் இல்லை என்று ஆகிவிடும். கேட்டால் ஆளாளுக்கு, நான் சும்மா பார்க்க வந்தேன் என்பார்கள். ஆனால் கதவைத் திறக்க ஒருத்தர் வேண்டுமே. அதற்குப் பிள்ளைகள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். குடிக்காத ஆள் யாரோ அவரை முன்னால் தள்ளிவிடுவார்கள். வாயில் வாடை வராது, பேச்சு குழறாது, போலீஸும் மரியாதையாகப் பேசிவிட்டுப் போகும். சட்டம் வந்த பிறகும் இந்த வழக்கம் மாறவில்லை. போலீஸ்காரரும் கதவைத் திறந்தவர் பெயரைத்தான் எழுதிக்கொண்டு போனார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அதற்கு அரசாங்க முத்திரை போட்டுக் கொடுத்தது எங்கள் ஊர்தான்.

மெர்வினுக்கு எதிர் வீட்டில் அப்படிக் கதவைத் திறந்தவள் ஜனெல். ஆற்றுக்குத் தெற்கே மலைப்பக்கத்துப் பெண். அவர்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். மச்சில் கூரை தலையில் இடிக்கிற அறைக்கு வாடகை குறைவு என்பதால் அந்த வீட்டுக்கு வந்தவள். ஆறு பேரோடு சேர்ந்து ஏழாவது ஆள். ஒரு சொட்டு குடிக்க மாட்டாள். சாப்பாட்டுக்கூடத்திலேயே பகுதிநேர வேலை. மெர்வினுக்குப் பக்கத்தில் நின்று வெங்காயமும் காளானும் தீர்ந்த கிண்ணங்களை நிரப்புவாள். வார்த்தைக்கு வார்த்தை சார் போடுவாள். அவளைப் போல வேலை செய்கிற பிள்ளை கிடைக்காது என்று மெர்வின் என்னிடமே சொல்லியிருக்கிறார்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை மெர்வின் வழக்கம் போல என்னைக் கூப்பிட்டார். வழக்கம் போல பெட்ராஸ்கியை அனுப்பினேன். பெட்ராஸ்கி எங்கள் இரவுப் போலீஸ்காரர் இரண்டு பேரில் ஒருத்தர், முட்டிவலிக்காரர், ஓய்வு பெறுகிற நாளை எண்ணிக்கொண்டிருக்கிறவர். அவர் போய்க் கதவைத் தட்டினார், ஜனெல் திறந்தாள், ஆரஞ்சு காகிதம் ஏறியது. அதில் அவள் பெயர்.

திங்கட்கிழமை பாத்திரம் கழுவும் இடத்தில் நின்று அவள் மெர்வினிடம் அழுதிருக்கிறாள். இன்னொரு தடவை யாராவது போலீஸைக் கூப்பிட்டால் பணம் தன் பெயரில் விழும், அதைக் கட்டும்வரை அடுத்த பருவத்துக்குக் கல்லூரியில் சேர்க்க மாட்டார்கள், இன்னும் ஒரு வம்பு என்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வா என்று அப்பா சொல்லிவிட்டார் என்று எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறாள். கூப்பிட்டவரிடமே போய் அழுகிறோம் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாதே என்று மெர்வினுக்கு உடம்பெல்லாம் கூசியதாம். ரொட்டியை வாட்டி வெண்ணெய் தடவிக் கொடுத்திருக்கிறார்.

அன்று சாயங்காலம், நான் வேலைக்கு வந்து உட்காருவதற்குள் போன். வெளிச்சம் இருக்கும்போது அவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. முதல் எச்சரிக்கையை எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன். பெயரையாவது மாற்ற முடியுமா என்றார். அதுவும் முடியாது, இரண்டு மாதம் அப்படியே இருக்கும் என்றேன்.

"அப்ப நான் போன் பண்ணா அது அந்தப் பொண்ணு தலையிலதான் விழும்."

"ஆமா மெர்வின்."

"சரி. பண்ணலை" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. கோட்டு போட்டுக்கொண்டு போய்க் கேட்டு வாங்கிய சட்டம் கையில் வந்ததும் வாயை மூடிக்கொள்கிற மனிதரை என்ன செய்வது? இப்படியே எத்தனை நாளைக்குத் தூங்காமல் இருப்பீர்கள் என்றேன். பார்த்துக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டார்.

பார்த்துக்கொண்டார். தொழிற்சாலைகளில் காதில் திருகிக்கொள்கிற பஞ்சு அடைப்பான்கள் இருக்கின்றனவே, அதில் ஒரு பெட்டி வாங்கினார். காலையில் எழுப்புவதற்குத் தலையணைக்கு அடியில் வைத்தால் அதிர்கிற கடிகாரம் ஒன்றும் வாங்கினார். வீட்டின் பின்பக்க அறைக்குக் கட்டிலை மாற்றினார். தூக்கம் வந்துவிட்டது. அத்தனை வருடத்தில் அவர் கண்ணில் வெள்ளையை அப்போதுதான் பார்த்தேன். ஆம்லெட்டைத் திருப்பும்போது விசில்கூட அடித்தார். இத்தனை நாளும் உங்களிடம் வீணாக வாயைக் கொடுத்துக்கொண்டிருந்தேனே டார்லா, ஒரு டப்பா பஞ்சில் இருந்திருக்கிறது விஷயம் என்று சிரித்தார். லோரெய்னிடமும் சொல்லியிருக்கிறார். அவள், அப்படியானால் வந்து பார்க்கிறேன் என்றாளாம்.

நகர மன்றத்தில் சந்தோஷம் தாங்கவில்லை. வால்நட் தெருவிலிருந்து வருகிற புகார் பாதிக்குமேல் குறைந்துவிட்டது, சட்டம் வேலை செய்கிறது என்று ஒருத்தருக்கொருத்தர் முதுகில் தட்டிக்கொண்டார்கள். சத்தம் குறையவில்லை. சொல்கிற வாய்தான் ஒன்று குறைந்திருந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்ல? செவிடன் காதில் ஊதிய சங்கு.

பிப்ரவரி கடைசியில் ஒரு சனிக்கிழமை. பகலில் உருகிய பனி இரவில் கண்ணாடியாக உறைந்து கிடந்தது. என் மேஜையில் போன் அடித்தது. ஒரு பெண் குரல், மூச்சு வாங்குகிறது. ஒரு ஆளுக்கு மூச்சுத் திணறுகிறது, உதடெல்லாம் நீலமாக இருக்கிறது, எழுப்பினால் எழவில்லை என்றாள். எங்கே என்றேன். அவள் சொன்ன முகவரி மெர்வின் வீடு.

அறுபதை நெருங்குகிற மனிதர், தனியாக இருக்கிறவர். ஆம்புலன்ஸையும் பெட்ராஸ்கியையும் அனுப்பிவிட்டு, மெர்வினுக்கு என்ன ஆச்சு, மெர்வினுக்கு என்ன ஆச்சு என்று அவளைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவளுக்கு நான் கேட்பது புரியவே இல்லை. அவர் இல்லை மேடம், கார்பின், கார்பின் என்றாள். யார் கார்பின் என்று எனக்கு அப்போது தெரியாது.

நடந்தது இதுதான். பிறகு ஜனெல் பெட்ராஸ்கியிடம் சொன்னாள், பெட்ராஸ்கி என்னிடம் சொன்னார்.

கார்பின் அந்த ஏழு பேரில் ஒருத்தன், இரண்டாம் வருடம் படிக்கிறவன். யாரோ பந்தயம் கட்ட, அளவில்லாமல் குடித்துவிட்டுக் குளியலறையில் விழுந்திருக்கிறான். சிரித்துக்கொண்டு எழுப்பப் போனவர்கள் சிரிப்பதை நிறுத்தினார்கள். யாரோ பாட்டை அணைத்தார்கள். வந்தவர்கள் எல்லாம் பின்வாசல் வழியாக நழுவினார்கள். மிச்சம் இருந்தவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். ஆனால் எங்கள் ஊரில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர்கள் சம்பளம் இல்லாத தொண்டர்கள், படுக்கையிலிருந்து எழுந்து வர வேண்டும். அதனால் எப்போதும் போலீஸ் கார்தான் முதலில் வந்து நிற்கும். இது எல்லோருக்கும் தெரியும். போலீஸ் வந்தால் இரண்டாவது தடவை. எல்லோரும் ஜனெலைப் பார்த்திருக்கிறார்கள்.

ஆம்புலன்ஸுக்காக வருகிற போலீஸ் அந்தக் கணக்கில் சேராது. சட்டத்திலேயே இருக்கிறது. ஆரஞ்சு காகிதத்தின் அடியில் அச்சடித்தும் இருக்கிறது. ஆறு வாரமாக அவர்கள் தினம் திறந்து மூடுகிற கதவில்தான் அது ஒட்டியிருந்தது. ஆனால் எவ்வளவு கட்ட வேண்டும் என்கிற வரிக்குக் கீழே ஒருத்தரும் படிக்கவில்லை.

எதிர் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று சொன்னது ஜனெல்தான். அந்த ஆள் கூப்பிடுவார், அவர் வாசலிலிருந்து கூப்பிட்டால் நம் வீட்டுக்கணக்கில் வராது என்றாள். கார்பினைத் தூக்கிக்கொண்டு, வழுக்குகிற தெருவைக் கடந்து, மெர்வினின் வாசலில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேலே இரண்டு கோட்டைப் போர்த்தி, அவளே மணியை அழுத்தினாள். மற்றவர்களோடு ஓடிப்போய்த் தங்கள் வீட்டு ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டாள். மெர்வின் வீட்டு விளக்கு எரியும் என்று காத்திருந்தார்கள்.

விளக்கு எரியவில்லை. ஜனெல் திரும்ப ஓடிவந்து கதவை இரண்டு கையாலும் அடித்தாள். ஜன்னலைத் தட்டினாள். சார், சார் என்று கத்தினாள். உள்ளே பின்பக்க அறையில், காதில் பஞ்சோடு, பல வருடத்துத் தூக்கத்தைத் தூங்கிக்கொண்டிருந்தார் மெர்வின். கால் மணி நேரமோ, அதற்கும் மேலோ போனது. பிறகு அவள் அந்த வாசலில் உட்கார்ந்தபடி என்னைக் கூப்பிட்டாள்.

பெட்ராஸ்கி போய், முட்டிவலியோடு பனியில் மண்டிபோட்டு, அவன் வாயைச் சுத்தம் செய்து நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸ் வந்தது. சிவப்பு விளக்கு மெர்வின் வீட்டுச் சுவரில் சுற்றிச் சுற்றி அடித்தது. அத்தனைக்கும் வீட்டுக்காரர் எழுந்திருக்கவில்லை.

வேலை முடிந்து நான் நேராகச் சாப்பாட்டுக்கூடத்துக்குப் போனேன். மெர்வின் கல்லின் முன்னால் நின்றிருந்தார். என்னைக் கண்டதும் சிரித்தார்.

"என் வாசல்ல ஒரு ஒத்தை ஷூ கெடக்குது டார்லா. புல்லு மேலெல்லாம் கார் ஏறின தடம். போன் வரலையேன்னு நான் செத்துட்டேனா பாக்க வந்தீங்களா?"

நான் சொன்னேன். சுருக்கமாகத்தான் சொன்னேன். பையன் மருத்துவமனையில் இருக்கிறான், மூச்சுக்கு இயந்திரம் வைத்திருக்கிறார்கள், பிழைப்பானா என்று தெரியாது என்றேன். உங்கள் மணியை அடித்தார்கள், கதவைத் தட்டினார்கள் என்றேன். அவர் கை தானாக ஒரு காதுக்குப் போனது. அடுப்பை அணைத்தார். வரிசையில் நின்ற பிள்ளைகள் ஒன்றும் புரியாமல் தட்டோடு நின்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து, வரிசை நிற்கிறதே என்பதற்காக மறுபடி பற்றவைத்தார். எனக்கும் ஒன்று போட்டுக் கொடுத்தார், கல்லுக்குப் பக்கத்து மேஜையிலேயே உட்கார்ந்தேன்.

அப்போது ஜனெல் வந்தாள். ராத்திரி போட்ட உடுப்பு, மேலே சமையல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அன்று காலை வேலை. வராமல் இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றக்கூட இல்லை. காலிக் கிண்ணம் ஒன்றை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றாள்.

"நீங்க எந்திரிச்சுருவீங்கன்னு நெனச்சேன் சார்."

"காதுல பஞ்சு வச்சிருந்தேம்மா." அவர் கல்லையே பார்த்துக்கொண்டு சொன்னார். "ராத்திரில போலீஸைக் கூப்பிடற ஆள் நான்தான். உனக்குத் தெரியாது. நீ அன்னிக்கு வந்து அழுத பெறகு விட்டுட்டேன்."

"தெரியும் சார். நீங்கதான்னு தெரிஞ்சுதான் அன்னிக்கு உங்ககிட்ட வந்து அழுதேன்."

மெர்வின் திரும்பி அவளைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை. தட்டில் இருந்ததை வெட்டிக்கொண்டிருந்தேன்.

"மத்தவங்களுக்கு?"

"எல்லாருக்கும் தெரியும் சார். முதல் வாரத்துலேர்ந்தே."

"தெரிஞ்சுமா தெனம் வந்து என் கையால வாங்கித் தின்னீங்க?"

"பசிக்குமில்ல சார்" என்றாள். சொல்லிவிட்டு, கிண்ணத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். இந்தத் தடவை யாரிடமும் ஒன்றும் கேட்பதற்காக அழவில்லை. மெர்வின் ரொட்டியை வாட்டப் போகவில்லை. அவள் தோளில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். முட்டை கருகியது. வரிசையில் நின்றவன் ஒருத்தன், பரவாயில்லை மாஸ்டர், அதையே கொடுங்க என்றான்.

கார்பின் பிழைத்தான். ஆனால் பேச்சில் ஒரு தடுமாற்றம் நின்றுவிட்டது, போகப் போகச் சரியாகலாம் என்றார்களாம். அப்பாவும் அம்மாவும் வந்து அவன் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு அழைத்துப் போனார்கள். போவதற்கு முன் அவன் அம்மா மெர்வின் வீட்டுக் கதவைத் தட்டி, அந்த ஒற்றை ஷூவை வாங்கிக்கொண்டு, நன்றி என்று சொல்லிவிட்டுப் போனாள். எதற்கு நன்றி என்று அவளுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. அந்த நன்றி அவரைத் தின்றுவிட்டது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் டார்லா என்றார்.

நகர மன்றத்தில், ஆம்புலன்ஸுக்காக வருகிற போலீஸ் கணக்கில் சேராது என்கிற அந்த வரியைக் கொட்டை எழுத்தில் அச்சடிக்கச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள். அதோடு அவர்கள் கடமை முடிந்தது. லோரெய்ன் வந்தாள், மூன்று நாள் இருந்தாள். பஞ்சு அடைப்பான்களைக் குப்பையில் போட்டுவிட்டுக் கட்டிலை மறுபடி முன்னறைக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்ட மனிதரோடு என்ன பேசுவது என்று தெரியாமல் திரும்பிப் போனாள்.

அதன் பிறகு நான் பயந்தது, பழையபடி வெள்ளியும் சனியும் மணி அடிக்கும் என்று. அடிக்கவில்லை. மார்ச் முழுக்க அவரிடமிருந்து ஒரு அழைப்பும் இல்லை. எப்படி இருக்கிறீர்கள், தூங்குகிறீர்களா என்று சாப்பாட்டுக்கூடத்தில் கேட்டேன். சத்தம் இருக்கும்வரை தூங்குகிறேன் என்றார். எனக்கு விளங்கவில்லை. கண் மட்டும் பழையபடி சிவந்திருந்தது.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை போன் அடித்தது. முதலில் அந்தப் பெருமூச்சு.

"டார்லா, நான்தான்."

"சொல்லுங்க மெர்வின். எதிர் வீடுதானே?"

"ஆமா." நான் காருக்குச் சொல்ல ஒலிவாங்கியை எடுத்துவிட்டேன். "டார்லா, சத்தம் நின்னுபோச்சு."

"என்னது?"

"இவ்வளவு நேரம் பாட்டு ஓடிக்கிட்டிருந்துச்சு. ஆட்டம், கூச்சல், எல்லாம். திடீர்னு நின்னுபோச்சு. யாரையாவது அனுப்பிப் பாக்கச் சொல்லும்மா."

சத்தம் போட்டால் என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்குச் சட்டம் இருக்கிறது. நின்றுவிட்டால் என்ன செய்வது என்று ஒருத்தரும் எழுதி வைக்கவில்லை. பெட்ராஸ்கியைக் கூப்பிட்டுச் சொன்னேன். சத்தம் இல்லாத வீட்டுக்கா என்னைப் போகச் சொல்கிறாய், உனக்கும் அந்த மனிதருக்கும் சேர்த்து மூளை கலங்கிவிட்டதா என்றார். முணுமுணுத்துக்கொண்டே போனார்.

கதவைத் திறந்தது ஜனெல்தான். யார் அனுப்பினார்கள் என்று அவள் கேட்கவில்லை, பெட்ராஸ்கியின் தோளுக்கு மேலாக எதிர் வீட்டைப் பார்த்தாளாம். வீட்டில் மின்சாரம் போய்விட்டது, வந்தவர்கள் கலைந்துவிட்டார்கள், மிச்சம் பேர் அங்கங்கே விழுந்து தூங்குகிறார்கள் என்றாள். அவர் டார்ச்சோடு உள்ளே போகப் போனார். "நான் எண்ணிட்டேன் சார். இப்பதான் எண்ணி முடிச்சேன். எல்லாரும் மூச்சு விடறாங்க" என்றாள். ஆனாலும் அவர் ஒவ்வொருத்தராகப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

நான் மெர்வினைக் கூப்பிட்டேன். மணி ஒரு தடவை முழுதாக அடிப்பதற்குள் எடுத்தார். எல்லோரும் மூச்சு விடுகிறார்கள் என்றேன். சரி என்றார். தூங்குங்கள் மெர்வின் என்றேன். நாலு மணிக்கு எழுந்து அத்தனை பேருக்கும் முட்டை உடைக்க வேண்டியவர், போனை வைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். நானும் வைக்கவில்லை.